டிஷ்காரரும் சேனல்காரரும், நடுவில் நாமும்

தொலைக்காட்சியில் ஒரு சேனல் திடீரென்று காணாமல் போனால் முதலில் ரிமோட்டைத் தொடையில் தட்டுவோம். பிறகு பேட்டரியைக் கழற்றி மாட்டுவோம். பேரனை மாடிக்கு அனுப்பி, டிஷ் மேல் காக்கை உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வோம். கடைசியில்தான் தெரியவரும், எங்கோ இரண்டு கம்பெனிகளுக்குள் பணத் தகராறு, அதனால் சேனலை நிறுத்திவிட்டார்கள் என்று. இந்தத் தகராறுக்குப் பின்னால் இருப்பது ‘கேரியேஜ் ஃபீ’ என்ற சமாச்சாரம். ஏற்றுக்கூலி என்று சொல்லலாம்.

சேனல்காரரிடம் சரக்கு இருக்கிறது. டிஷ் கம்பெனியிடமும் கேபிள்காரரிடமும் வண்டி இருக்கிறது. சரக்கு நம் வீட்டுக்கு வர இருவரும் வேண்டும். யார் யாருக்குக் காசு கொடுப்பது? கத்தரிக்காய் மூட்டை என்றால் கேள்வியே இல்லை, மூட்டைக்காரர் வண்டிக்காரருக்குக் கொடுப்பார். தொலைக்காட்சியில் அப்படியில்லை. சில நேரம் வண்டிக்காரர் மூட்டைக்காரருக்குக் கொடுக்கிறார், “உங்கள் சரக்கு இருந்தால்தான் என் வண்டியை ஜனங்கள் எட்டிப்பார்க்கிறார்கள்” என்று. சில நேரம் மூட்டைக்காரர் கொடுக்கிறார், “என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள்” என்று. யார் பலசாலி என்பதைப் பொறுத்துப் பணம் ஓடும் திசை மாறுகிறது. பணம் எந்தப் பக்கம் ஓடினாலும் பேச்சு முறிந்தால் இருட்டாவது நம் வீட்டுத் திரை.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் நோட் எழுதியே தலை நரைத்தாலும், காலைக் காப்பியோடு பிரெஞ்சுச் செய்தி படிக்கும் வழக்கம் விடவில்லை. இந்த விஷயத்தில் ஃபிரான்சில் நடந்த ஒரு கூத்தை அதனால் ஆரம்பம் முதல் கவனிக்க முடிந்தது. நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேருக்குப் பிள்ளையோ தங்கையோ அங்கே இருப்பதால் உங்களில் சிலருக்கும் இது தெரிந்திருக்கலாம்.

டிஎஃப்-1 என்பது அங்கே முதல் சேனல். ஒரு காலத்தில் அரசாங்கத்துடையது. 1987-இல் தனியாருக்கு விற்றார்கள், பூயிக் என்ற கட்டுமான நிறுவனம் வாங்கியது. தனியார் ஆனாலும் அது இலவசச் சேனல்தான். கூரையில் ஆன்டெனா வைத்தவர் யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். விளம்பரத்தில் சம்பாதிப்பது அவர்கள் பாடு. நாட்டின் அலைவரிசையை அவர்களுக்குக் கொடுத்திருப்பதே எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆனால் ஆல்ப்ஸ், பிரெனே மாதிரி மலைப்பகுதிகளில் கோபுரத்தின் அலை எட்டாத பள்ளத்தாக்குகள் உண்டு. ‘வெள்ளைப் பகுதி’ என்பார்கள், வரைபடத்தில் நிறம் தீட்டாமல் விட்ட இடம். 2011 நவம்பரோடு பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்துவதென்று முடிவானபோது இந்த வீடுகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. 2007 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டார்கள். இலவசச் சேனல்கள் செயற்கைக்கோள் வழியாகவும் மாதச் சந்தா இல்லாமல் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். அப்படி வந்தவை இரண்டு. ஒன்று கனால் ப்ளுஸ் நிறுவனத்தின் ‘டிஎன்டி சாட்’. மற்றொன்று ‘ஃபிரான்சாட்’. பெட்டியையும் டிஷ்ஷையும் வாங்கிக்கொள்ள வேண்டும், மாதச் சந்தா கிடையாது.

இதில் டிஎன்டி சாட்டை நடத்தும் கனால் ப்ளுஸ் தர்ம சத்திரம் அல்ல. அதுவே ஒரு பெரிய கட்டணச் சேனல், அதுவே ஒரு டிஷ் கம்பெனி. சந்தா கட்டுவோருக்குச் சினிமா, விளையாட்டு என்று நூறு சேனல் தரும்போது அந்த வரிசையில் டிஎஃப்-1-ஐயும் சேர்த்துத் தருகிறது. 2016, 2017 வாக்கில் டிஎஃப்-1 கேட்டது: “எங்களை வைத்து நீங்கள் வியாபாரம் செய்கிறீர்கள், எங்களுக்கு என்ன பங்கு?” கனால் ப்ளுஸ் சொன்னது: “ஆன்டெனா வைத்தவனுக்கு இலவசம், எனக்கு மட்டும் விலையா?”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிகழ்ச்சி தயாரிக்கப் பணம் வேண்டும், விளம்பர வருமானத்தை இணையம் தின்றுகொண்டிருக்கிறது. அதே சமயம், பொது அலைவரிசையில் உட்கார்ந்துகொண்டு இலவசம் என்று பெயர் வாங்கியவர், எடுத்துப்போகிறவரிடம் விலை கேட்பதும் விசித்திரம்தான். தொலைபேசிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இறங்கிவந்து ஒப்பந்தம் போட்டன. கனால் ப்ளுஸ் மட்டும் 2018 மார்ச் தொடக்கத்தில் ஒரு நள்ளிரவில் டிஎஃப்-1 குழுவின் சேனல்களை அணைத்துவிட்டது. சில நாளில் அவை திரும்பின, அந்த நவம்பரில் உடன்பாடு. அது 2022 ஆகஸ்ட் கடைசியில் முடிந்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி மறுபடியும் இருட்டு. இந்த முறை சில நாளில் திரும்பவில்லை.

இருண்டது சந்தாதாரர் வீடு மட்டுமல்ல. சந்தாவே இல்லாத டிஎன்டி சாட் வீடுகளிலும் டிஎஃப்-1 நின்றது. மலைப்பள்ளத்தில் இருக்கும் ஒரு கிழவி இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள் அல்ல. பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினவள், அவ்வளவுதான். அவளுக்குச் சொல்லப்பட்ட யோசனைகள் என்னென்ன? ஆன்டெனா வையுங்கள் (அது எடுக்காததால்தானே டிஷ்!). இணையத்தில் பாருங்கள். அல்லது ஃபிரான்சாட் பெட்டி வாங்குங்கள்.

கடைசி யோசனையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டிஎன்டி சாட் வருவது ஆஸ்ட்ரா செயற்கைக்கோளிலிருந்து, அது கிழக்கே 19.2 டிகிரியில் நிற்கிறது. ஃபிரான்சாட் வருவது மேற்கே 5 டிகிரியில் நிற்கும் யூடெல்சாட்டிலிருந்து. ஆக, புதுப் பெட்டி வாங்கினால் மட்டும் போதாது, ஆள் ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டும். பெட்டிக்குக் காசு, ஏறுகிறவனுக்குக் காசு. ஃபிரான்சில் கூரை ஏற ஒருவரை அழைத்தால் என்ன கேட்பார்கள் என்பது அங்கே குடும்பம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

என் பெரியப்பா மகன் அண்ணன் கிரனோபிளுக்கு மேலே ஒரு சின்ன ஊரில் இருக்கிறார், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் இருப்பது ஃபிரான்சாட் என்பதால் அவருக்குத் தொல்லை இல்லை. தொலைபேசியில் கேட்டேன். “தம்பி, சட்டம் என்ன சொல்லுது தெரியுமா? இலவசச் சேனல் ஏதாவது ஒரு செயற்கைக்கோளில் இலவசமாக் கிடைச்சா போதும். ஃபிரான்சாட்ல கிடைக்குது. சட்டம் நிறைவேறிடுச்சு. அடுத்த வீட்டுல தெரியுதா இல்லையாங்கறது சட்டத்துக்குக் கவலை இல்லை” என்றார். முப்பத்தைந்து வருஷம் கோப்புகளோடு குடித்தனம் செய்தவன் நான். ‘விதி நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம், மனுதாரர் வாசலிலேயே நிற்பார். அந்த வகைச் சட்டம் இது.

இதில் ஒரு வேடிக்கை. அதே 2022 ஆகஸ்டில்தான் ஃபிரான்சில் தொலைக்காட்சி வரியை எடுத்தார்கள். அரசுச் சேனல்களுக்காக வீட்டுக்கு வீடு ஆண்டுக்கு 138 யூரோ வாங்கிக்கொண்டிருந்தது நின்றது. நம்மிடமும் ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் இருந்தது, தபால் நிலையத்தில் வில்லை ஒட்டி முத்திரை குத்துவார்கள், நினைவிருக்கிறதா? வரி போன சந்தோஷம் ஒரு வாரம், முதல் சேனல் போன துக்கம் இரண்டு மாதம்.

நவம்பர் 7-ஆம் தேதி சமாதானம் ஆயிற்று. கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நவம்பர் 20-இல் தொடங்கவிருந்தது. ஃபிரான்சில் அதை இலவசமாகக் காட்டும் உரிமை டிஎஃப்-1 கையில் இருந்தது. பதின்மூன்று நாள் முன்னால் இரண்டு பெரிய மனிதர்களுக்கும் ஒரே நேரத்தில் ஞானம் பிறந்தது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். அந்த இறுதி ஆட்டத்தை, அர்ஜென்டினாவிடம் ஃபிரான்சு பெனால்டியில் தோற்றதை, டிஎஃப்-1-இல் இரண்டு கோடியே நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அவ்வளவு கூட்டத்தை இழக்க யாருக்கு மனம் வரும்? கால்பந்து இல்லாத வருஷமாக இருந்திருந்தால் அந்தக் கிழவி இன்னும் எத்தனை மாதம் காத்திருப்பாள் என்பதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில் இது வருஷா வருஷம் நடக்கும் திருவிழா. அங்கே ஒவ்வொரு ஊருக்கும் உள்ளூர் ஒளிபரப்பு நிலையம் உண்டு. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு தேர்வு தருகிறது. ‘என்னைக் கட்டாயம் ஏற்று, காசு வேண்டாம்’ என்று சொல்லலாம், அல்லது ‘காசு கொடுத்தால் சம்மதம்’ என்று சொல்லலாம். பலவீனமான நிலையம் முதலாவதைச் சொல்லும், பலமுள்ளது இரண்டாவதை. 2023-இல் டைரக்டிவி என்ற டிஷ் கம்பெனிக்கும் நெக்ஸ்டார் என்ற நிலைய முதலாளிக்கும் மூண்ட சண்டையில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிலையங்கள் ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அந்தக் கம்பெனியின் வீடுகளில் தெரியவில்லை. உள்ளூர் வானிலை, புயல் எச்சரிக்கை எல்லாம் அந்த நிலையங்களில்தான் வரும். ஆனாலும் அந்தச் சட்டத்தில் பாராட்டத்தக்க ஒன்று இருக்கிறது. காசு கேட்காத சின்ன நிலையத்தை ஏற்றமாட்டேன் என்று சொல்ல முடியாது. 1999-இல் செயற்கைக்கோளுக்கும் இதை நீட்டினார்கள்: ஓர் ஊரின் ஒரு நிலையத்தை இந்த ஏற்பாட்டில் ஏற்றினால், கேட்கும் மற்ற நிலையங்களையும் ஏற்ற வேண்டும்.

நம் நாட்டில் சின்னவர் நிலை இதற்கு நேர் தலைகீழ்.

பழைய கேபிள் காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழ் திருகும் பெட்டியில் 12 இடம்தான். பிறகு ரிமோட் வந்தும் அந்தக் கம்பியில் எண்பது, நூறு சேனலுக்கு மேல் நுழையாது. நுழையக் காத்திருந்தவை நூற்றுக்கணக்கில். கேபிள்காரர் சும்மா இருப்பாரா? நுழைய ஒரு தொகை, நல்ல எண்ணில் உட்கார இன்னொரு தொகை. அதுதான் நம் ஊர் கேரியேஜ் ஃபீயின் பிறப்பு. எல்லாம் டிஜிட்டல் ஆனால் இடம் தாராளமாகும், இந்தக் கூலி மறையும் என்றார்கள். மறையவில்லை.

2017-இல் டிராய் ஆணையம் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. சாதாரணத் தரச் சேனலுக்கு, ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 பைசாவுக்கு மேல் ஏற்றுக்கூலி வாங்கக்கூடாது. சேனலை எடுப்போர் விகிதம் கூடக்கூடக் கூலி குறையும். நூற்றுக்கு இருபது வீடு அந்தச் சேனலை எடுத்தால் கூலியே இல்லை. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் தெரியும். (மனக்கணக்கு எனக்கு இன்றும் பிரெஞ்சில்தான் ஓடும். தொண்ணூறு என்பதை ‘நான்கு இருபதும் பத்தும்’ என்று சொல்லிப் பழகியவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு டிஷ் கம்பெனிக்கு நாடு முழுக்க ஒரு கோடி வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி தடவை 20 பைசா, மாதம் 20 லட்சம் ரூபாய். பின்னால் 2020-இல் நாடு முழுவதும் எடுத்துச்செல்ல மாதம் 4 லட்சத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். அப்படியும் ஆண்டுக்கு 48 லட்சம். தனியார் டிஷ் கம்பெனி நான்கு. நான்கிலும் வர வேண்டுமானால் ஒரு கோடியே 92 லட்சம்.

புதுச்சேரி செய்தியைப் புதுச்சேரி மக்களுக்குச் சொல்ல ஒரு சேனல் ஆரம்பிக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்குப்படி நம் மாநிலம் முழுக்கவே மக்கள் தொகை பன்னிரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சேனலை நூற்றுக்கு இருபது வீடு நாடு முழுவதும் எடுக்குமா? பாட்னாவில் இருப்பவருக்கு முத்தியால்பேட்டைக் குடிநீர்ப் பிரச்சினை எதற்கு? ஆகவே அவர் என்றைக்கும் முழுக்கூலி கட்ட வேண்டியவர். ‘எங்கள் ஊரில் இருக்கும் உங்கள் வீடுகளுக்கு மட்டும்’ என்று கணக்கிட்டால், அப்படி ஐம்பதாயிரம் வீடு இருந்தாலும் மாதம் பத்தாயிரம் ரூபாய். பத்தாயிரம் எங்கே, நான்கு லட்சம் எங்கே! உள்ளூர்ச் சேனல்கள் கேபிளோடு நின்றுவிடுவதற்கு உரிமம், செயற்கைக்கோளுக்கு ஏற்றும் செலவு என்று வேறு காரணங்களும் உண்டு. இந்தக் கூலி அந்த வாசலில் போட்ட இன்னொரு பூட்டு.

டிஷ் கம்பெனி தரப்பையும் சொல்ல வேண்டும். செயற்கைக்கோளின் கதிர் நாடு முழுவதும் விழுகிறது. புதுச்சேரிக்கென்று தனிக்குழாய் கிடையாது. இங்கே பத்தாயிரம் பேர் பார்த்தாலும் மேலே அந்தச் சேனல் பிடிக்கும் இடம் அதே இடம்தான், வாடகையும் அதே வாடகை. இது பொய்யில்லை. ஆனால் அமெரிக்காவில் டிஷ் கம்பெனிகள் உள்ளூர் நிலையங்களுக்காகவே சிறு கதிர் முறையை வைத்திருக்கின்றன. டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரு வட்டாரத்தில் மட்டும் விழும் கதிர், அதே அலைவரிசையை வேறொரு வட்டாரத்தில் வேறு ஊர்ச் சேனலுக்குப் பயன்படுத்தலாம். நம் இஸ்ரோவுக்கும் இது புதிதல்ல. 2018 டிசம்பரில் ஏவிய ஜிசாட்-11 இப்படிப்பட்ட சிறு கதிர்களோடு போனதுதான், இணையச் சேவைக்காக. இணையத்துக்கு முடிவது தொலைக்காட்சிக்கு முடியாதா?

பெரிய சேனல்கள் விஷயத்தில் நம்மிடமும் பணம் மறுபக்கம் ஓடுகிறது, சண்டையும் ஃபிரான்சு மாதிரியே. 2023 பிப்ரவரியில் புதுக் கட்டண ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி மூவரும் சிக்னலை நிறுத்தினார்கள். நாலரைக் கோடி வீடு பாதிக்கப்பட்டதாகக் கேபிள் தரப்பு சொன்னது. ஒரு வாரத்துக்குள் முடிந்தது. நிறுத்துவதற்கு மூன்று வாரம் முன்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நோட்டீஸ் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கொடுப்பது. நமக்கு வருவது திரையின் அடியில் ஓடும் எறும்பு எழுத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு வருவதற்குள் ஓடிவிடும். போகட்டும், இந்தச் சேனல்களில் முக்கால்வாசி சீரியலும் சினிமாவும்தான், ஒரு வாரம் பார்க்காவிட்டால் மருமகள்களின் கதை ஒன்றும் நகர்ந்திருக்காது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. உள்ளூர்ச் செய்திதான் வேறு ரகம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கத்தில் கரை ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளில் தண்ணீர். தேசியச் சேனல்களில் ‘புதுச்சேரி’ என்ற ஒரு சொல்லும், கடற்கரைச் சாலையில் குடையோடு ஒரு நிருபரும் வந்தார்கள். எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தப் பக்கம் படகு வருகிறது, பால் எங்கே கிடைக்கும் என்பதை நாட்டுக்கே ஒளிபரப்புகிறவர் எப்படிச் சொல்வார்? கரண்ட் வந்து வந்து போன அந்த இரண்டு நாளில் இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது எதிர் வீட்டு அம்மாள். அவர்கள் வீட்டில் கேபிள், அதில் உள்ளூர்ச் சேனல் வருகிறது. எங்கள் வீட்டில் டிஷ், நூற்றுச் சொச்சம் சேனல், அதில் எங்கள் ஊர் இல்லை. பால்கனிக்குப் பால்கனி கத்திக் கத்தி என் வீட்டுக்காரிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

‘போனில் பாருங்கள் தாத்தா’ என்று பேத்தி சொல்கிறாள். பார்க்கலாம்தான். புயலன்று வாட்ஸப்பில் வந்தவற்றில் பாதி பழைய புயலின் படம். ஏரி உடைந்துவிட்டது என்று வந்த செய்தியை நம்பி, மேல் மாடிக்குச் சாமான் ஏற்றினவர்களை எனக்குத் தெரியும். முகமும் விலாசமும் உள்ள ஒரு உள்ளூர் நிலையம் சொன்னால் மறுநாள் போய்க் கேட்கலாம்.

ஃபிரான்சு விவகாரத்தையும் நம்முடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வீட்டு வாடகைச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது. வாடகைத் தகராறு எவ்வளவு முற்றினாலும் வழக்கு முடியும் வரை குடியிருப்பவரின் தண்ணீரையும் விளக்கையும் வீட்டுக்காரர் வெட்டக்கூடாது. வெட்டினால் அது தனிக் குற்றம். பாக்கி எவ்வளவு என்பதை அப்புறம் தீர்த்துக்கொள்ளலாம். இலவசச் சேனலுக்கும் உள்ளூர்ச் சேனலுக்கும் இதையே வைத்தால் என்ன? ஒப்பந்தம் முடிந்துவிட்டதா, பழைய விகிதத்திலேயே ஓடட்டும். நடுவர் தீர்ப்புச் சொன்னபின் கூடுதலோ குறைவோ முன்தேதியிட்டுக் கணக்குத் தீர்க்கட்டும். அகவிலைப்படி நிலுவையை நமக்கு அப்படித்தானே கொடுத்தார்கள்! வருஷக்கணக்கில் தாமதமானாலும் சம்பளம் ஒரு மாதமும் நிற்கவில்லை. கம்பெனிகள் சொல்லும், சிக்னலை நிறுத்தும் பயம் இல்லாவிட்டால் எதிராளி பேசவே வரமாட்டான் என்று. வட்டியோடு நிலுவை கட்ட வேண்டும் என்று விதி வைத்துப் பாருங்கள், ஓடி வருவான்.

டிராய் ஆணையம் அவ்வப்போது கலந்தாய்வுத் தாள் வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெரும்பாலும் கம்பெனிகளும் அவற்றின் சங்கங்களும்தான் எழுதுகின்றன. அடுத்த தாள் வரும்போது அனுப்ப ஒரு பக்கம் தயார் செய்து வைத்திருக்கிறேன். உள்ளூர்ச் சேனலின் ஏற்றுக்கூலியை அந்த ஊர் வீடுகளைக் கொண்டு மட்டும் கணக்கிட வேண்டும் என்பது ஒன்று. தகராறு தீரும் வரை இருப்பது இருந்தபடியே ஓட வேண்டும் என்பது மற்றது. இடது பக்கம் கால் பங்கு மார்ஜின் விட்டு எழுதியிருக்கிறேன், பழைய பழக்கம். உடன் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், பெயரைச் சேர்த்துக்கொள்கிறேன்.